தெளிந்த நீரில் தெரியாத நஞ்சு

கலங்கிய நீரைக் கண் காட்டிக்கொடுக்கும். நாறும் நீரை மூக்கு காட்டிக்கொடுக்கும். ஆனால் ஐம்புலன்களுக்கும் தப்பிவிடும் நஞ்சும் நீரில் உண்டு.

1820ஆம் ஆண்டளவில் சேலம் கலெக்டர் காக்பர்ன் நம் சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அராபிகா காப்பிச் செடியின் பெரும்பகை தண்டு துளைக்கும் வண்டு. அதைத் தடுக்கத் தென்னிந்தியத் தோட்டங்களில் நெடுங்காலம் தண்டில் பூசப்பட்ட மருந்து லிண்டேன். 2013இல் நம் நாட்டில் அதன் உபயோகம் தடை செய்யப்பட்டது. ஆயினும் குளோரின் சேர்ந்த இத்தகைய மருந்துகள் மண்ணில் எளிதில் அழிவதில்லை. மழை மண்ணை அரிக்கும்போது ஓடைக்கும் ஏரிக்கும் வந்து சேரக்கூடும்.

இந்தியத் தர நிர்ணயப்படி, 1 லிட்டர் குடிநீரில் லிண்டேன் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது. 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 50இல் 1 கிராமைப் பகிர்ந்து கரைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்!

இத்துணைச் சிறிதை அளப்பது எங்ஙனம்? முதலில் அதைத் திரட்ட வேண்டும். நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்தால், நஞ்சில் ஒரு பங்கு ஆவியோடு போய் அளவு பொய்த்துவிடும். ஆகவே ஆய்வாளர் சவ்வின் உதவியை நாடுகின்றனர்.

முதலில் கண்ணாடி இழை வடிதாளில் வண்டலை நீக்குகின்றனர். வண்டலிலும் நஞ்சு ஒட்டியிருக்கலாமாதலால் அதைத் தனியே சோதிப்பர். பின்பு 1 லிட்டர் நீரை மெல்லிய சவ்வுத் தகட்டின் வழியே பம்பினால் இழுக்கின்றனர். தகட்டிலுள்ள நுண்துகள்கள் எண்ணெய்த் தன்மை கொண்டவை. நீர் கடந்து செல்லும். நீரைவிட எண்ணெயில் நன்கு கரையும் பூச்சிமருந்து தகட்டில் தங்கிவிடும். அதை எத்தில் அசிடேட் போன்ற கரைப்பானால் கழுவி எடுத்து, 1 மில்லிலிட்டராகச் சுருக்குவர். இப்போது நஞ்சின் செறிவு ஏறத்தாழ 1000 மடங்கு! வாயு குரோமட்டோகிராப் கருவி அதை இனம் கண்டு அளந்துவிடும்.

வீடுகளிலுள்ள ஆர்.ஓ. கருவியிலும் சவ்வு உண்டு. அத்தகைய சவ்வை 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் உருவாக்கிய இருவர் சிட்னி லோபும், இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜனும். அதில் நாம் குடிக்கும் நீர் ஒரு குழாயில் வர, சவ்வு தடுத்த மாசு மற்றொரு குழாயில் செறிந்து வெளியேறும்.

ஒன்றை மறவாதீர், தோழியரே! சவ்வு நஞ்சைப் பிரிக்கும், அழிக்காது. சோதனைச்சாலையில் அது நமக்கு உண்மையைச் சொல்லும். ஆனால் மருந்து டப்பாவை ஓடையில் கழுவாமலிருப்பதும், சரிவில் மண் அரிக்காமல் மரம் காப்பதும் மலைவாழ் மக்களாகிய நம் கையில்தான் உள்ளது. இம்மலையில் பெய்யும் மழை அடிவார ஊர்களுக்கும் குடிநீர் அன்றோ!