பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். நிலக்கரி கன்வேயரின் இரைச்சல், அத்திப்பட்டு புதுநகரில் நிற்காமல் ஓடும் சரக்கு ரயில், கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் கைவிட்டு இறால் துழாவும் பெண்களின் பேச்சு. கூடவே உன் புலம்பல். கானா குழுவில் 'பீட் எங்க ப்ரோ' என்றார்களாம். குறும்படக்காரர்கள் பின்னணிக்கு இருபது நொடி வெட்டிக் கேட்டார்களாம். சூழல் குழுவில் 'இதுல பிரச்சினை என்ன' என்று கேட்டுவிட்டு அட்மின் நீக்கிவிட்டாராம். இதைக் கேட்க ஆளே இல்லையா என்கிறாய்.

இருக்கிறார்கள். நீ தேடுகிற விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. இசை, சினிமா, சூழல் என்று பெயர்ப் பலகையைப் பார்த்து உள்ளே போகிறாய். இந்தச் சத்தம் யாருக்கு வேலைக்கு ஆகும் என்று நீ கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உங்கள் பக்கத்துக் கானாவையே எடுத்துக்கொள். அதற்கு சபா இருந்ததா, வானொலி நிலையம் கூப்பிட்டதா? சாவு வீட்டில் விடிய விடிய விழித்திருக்க வேண்டிய சனத்துக்கு அது தேவைப்பட்டது. இறந்தவரைத் தெரிந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் குணத்தையும் குடும்பத்தையும் பாட்டில் கொண்டுவர வேண்டும். அந்தக் கூட்டத்தின் முன்னால் ஏனோதானோவென்று பாடிவிட்டுப் போக முடியாது. கேசட் அதற்குப் பிறகு வந்தது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடி ஊரே முணுமுணுத்ததும் பிறகுதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறியது இன்னும் பிறகு. மேடை வரும்வரை அந்தப் பாட்டுக்குக் கேட்பவர்கள் இல்லாமல் இல்லை.

இன்னொன்று, உன் வீட்டு வாசலிலேயே நடந்தது. 2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதினார், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்தார், டி.எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் பிரசாத் படமாக்கினார். கர்நாடக ராகமாலிகை, ஆனால் மெட்ராஸ் பேச்சு. சபா ரசிகருக்கு மொழி உறுத்தும், கானா கேட்டு வளர்ந்தவருக்கு ராகம் அந்நியம். எந்தப் பலகையின் கீழும் அடங்காத சரக்கு. ஆனால் எண்ணூர் கழிவெளியைக் காப்பாற்றச் சொல்லி நித்தியானந்த் ஜெயராமனும் அவரோடு இருந்தவர்களும் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டு பிறந்ததே அந்தப் போராட்டத்துக்குள்தான். தூக்கிக்கொண்டு போக ஆட்கள் தயாராக இருந்தார்கள். அதைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் முகத்துவாரம் வரை வந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். காணொளியைப் பார்த்தவர் எண்ணிக்கையையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். புதுக்கவிதை அந்தக் கொஞ்சம் பேரிடம்தான் வேர்பிடித்தது.

பழனி குமாரின் புகைப்படங்களைப் பார்த்திருப்பாய். ஆற்றில் எண்ணெய் கொட்டினால், அன்றைக்கு நாளிதழுக்கு அதன் படம் ஒன்று போதும். மறுவாரம் அதே ஆற்றில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் பிடிக்கும் இருளர் மூதாட்டிக்கு அங்கே இடமில்லை. பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' தளத்தில் அந்த மூதாட்டியின் வாழ்க்கையையே பழனி குமாரால் விரிவாகச் சொல்ல முடிந்தது. இடம் தாராளம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அங்கே கேட்கிற கேள்விகள் வேறு: அவர் வயது என்ன, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீரில் நிற்கிறார், கைக்கு என்ன கிடைக்கிறது, உடம்பு என்ன ஆகிறது. இப்படிக் கேட்கிற இடத்துக்குப் படம் எடுக்கிறவன் அடுத்த முறை இன்னும் கவனமாகப் போவான்.

உனக்கும் அதுதான் அளவுகோல். ஒரு பதிவைப் போடு. 'சூப்பர்', 'தீ' என்ற சொற்களும் நெருப்புப் படமும் மட்டும் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. 'எத்தனை மணிக்கு எடுத்தது, நீர் ஏற்றமா வற்றமா, மைக்கை எங்கே வைத்தாய்' என்று யாராவது கேட்டால் அங்கே நாற்காலி போட்டு உட்கார். இருபது பேர் இருந்தாலும் போதும்.

சில வாசல்களைச் சொல்கிறேன். ரேடியோ அபோரி என்று ஒன்று உண்டு. உலக வரைபடத்தில் அந்தந்த இடத்தின் சத்தத்தை அந்தப் புள்ளியிலேயே பதித்து வைக்கிறார்கள். அங்கே யாரும் பீட் கேட்க மாட்டார்கள். உன் சரக்கு ரயில் அங்கே போகலாம். இறால் பதிவின் பின்னால் ஒரு பறவை விடாமல் கத்துகிறதே, அந்தத் துண்டை ஐ-நேச்சுரலிஸ்ட்டில் ஏற்று. பெயர் சொல்ல ஆள் வருவார்கள், தங்களுக்குள் சண்டையும் போடுவார்கள். அந்தச் சண்டையைப் படி, நிறையத் தெரிந்துகொள்வாய். விக்கிமீடியா காமன்ஸும் ஒலிக்கோப்புகளை ஏற்கும். ஆனால் அங்கே கொடுத்ததை யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்குக்கூட, எடுத்துக்கொள்ளலாம். சம்மதமென்றால் மட்டும் கொடு.

பெண்களின் பேச்சு இருக்கும் பதிவு மட்டும் வேறு கணக்கு. அதை அவர்களுக்குப் போட்டுக் காட்டினாயா? உன் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. நடுவில் ஒரு அக்கா ஏஜெண்டிடம் வாங்கிய முன்பணத்தைப் பற்றிப் பேசுகிறார். அது உலகத்துக்குத் தேவையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வெட்டிவிடு, காரணம் கேட்காதே. இறால் பிடிக்கும் இடத்தை வரைபடத்தில் துல்லியமாகக் குறிக்காதே. ஏற்கெனவே குறைந்துபோன இறாலுக்கு இன்னும் பத்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்ததாகிவிடும். பதிவை அந்தப் பெண்கள் உட்கார்ந்து கேட்டு, 'இது யாரு குரலு, இந்த எடம் தப்பு, அது அந்தாண்ட' என்று சண்டைக்கு வந்தால், நீ தேடின கூட்டத்தில் பாதி அங்கேயே இருக்கிறது.

கன்வேயர் பதிவை இப்போதைக்கு எங்கும் போடாதே. நீ அந்தக் கன்வேயர் வேலையிலேயே ஒப்பந்தத்தில் இருக்கிறாய். வேலியின் உள்ளே நின்று எடுத்ததா, வெளியே ரோட்டில் நின்று எடுத்ததா என்று முதலில் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்