ஃப்ளைவீலைக் கடைந்தால் பவர் கூடுமா?

கேள்வி: கலிபோர்னியா மணல்மேடுகளில் ஓட்டுவதற்காகப் பழைய யமஹா பான்ஷீ ஏடிவி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து எடையைக் குறைத்தால் பவர் கூடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கூடாது. அந்த 347 சிசி இரட்டை சிலிண்டரின் குதிரைத்திறன் அப்படியேதான் இருக்கும். கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்தியதும் ஆர்பிஎம் சட்டென்று ஏறும், விட்டதும் சட்டென்று இறங்கும், அவ்வளவுதான். பான்ஷீ ஏற்கெனவே குறைந்த ஆர்பிஎம்மில் சோம்பேறி. ஃப்ளைவீலும் இளைத்துவிட்டால் கிளட்சை விடும்போது இன்ஜின் அடிக்கடி அணையும். மணலில் பறப்பவருக்கு அது பெரிய குறையில்லை. காட்டுப்பாதையில் ஊர்ந்து போகிறவர்களோ ஃப்ளைவீலில் கூடுதல் எடை சேர்க்கிறார்கள்!

கடைவதென்றால் எங்கே கடைவது என்பதுதான் விஷயம். விளிம்பில் எடுக்கும் 50 கிராம், பாதி ஆரத்தில் எடுக்கும் 200 கிராமுக்குச் சமம். அதனால் எல்லோரும் விளிம்பிலேயே கை வைக்கிறார்கள். ஆனால் காந்தங்களைத் தாங்கி நிற்பதும் அதே விளிம்புதான். மெலிந்துபோய் 9,000 ஆர்பிஎம்மில் சிதறினால் இடப்பக்கக் கவர் தாங்கும் என்று நம்பாதீர்கள். அதை ஒட்டி இருப்பது உங்கள் கால். கடைந்தபின் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டவும் கூடாது. கழற்றும்போது புல்லர்தான், சுத்தியல் வேண்டாம், காந்தம் விரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், அந்தக் காசை நல்ல எக்ஸாஸ்ட் பைப்புக்குச் செலவிடுங்கள். பைப்பை மாற்றினால் கார்புரேட்டர் ஜெட்டையும் சரிபாருங்கள். கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.