மின்னூட்டி பொருத்தக் கூலி பேசுமுன்

மின்கார் வாங்கியவர் எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்பது, "மொத்தம் என்ன ஆகும்?" என்பதே. இடத்தை அளக்காமல் விடை கூறலாகாது. 7.4 கிலோவாட் மின்னூட்டி 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் இழுக்கும்; அதுவும் மணிக்கணக்காக. ஆகவே மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வேண்டும். செலவில் பெரும்பகுதி அதன் நீளத்தைப் பொறுத்தது. வாசலருகே வண்டி நின்றால் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பெரும்பாலும் போதும். அடுக்கு வீட்டின் அடித்தளத்துக்கு 40 மீட்டர் ஓடினாலோ, வழியில் வோல்ட் குறையுமாதலால் 10 சதுர மில்லிமீட்டர் நன்று. வீட்டுக்கு அனுமதித்த சுமை 3 கிலோவாட்தான் என்றால், அதை உயர்த்தும் கட்டணத்தைத் தனி வரியாக எழுதுக. அது வீட்டுக்காரர் கட்டவேண்டியது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியையும் நல்ல எர்த்தையும் விட்டுவிட்டு விலை குறைப்பவரோடு போட்டி வேண்டா. மழையில் நனைந்த வண்டியை அவ்வீட்டுக் குழந்தையும் தொடும். செம்பு விலை ஏறியிறங்குவதால், மதிப்பீடு எத்தனை நாள் செல்லும் என்பதையும் குறித்துவிடுக.