கணினி வரையும் காலணிக்கு யார் பாதம் அளவு?

ஒவ்வொரு கல்வியாண்டும் விலையில்லாக் காலணிகளுக்காக மாணவர்களின் கால் அளவைக் கேட்டுப் பதிவு செய்கிறோம். "உன் சைஸ் என்ன?" என்றால் பாதிப் பேர் போட்டிருக்கும் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்க்கிறார்கள். 3 என்றோ 5 என்றோ ஓர் எண் இருக்கும். அந்த எண் எதை அளக்கிறது? கணக்குப் பாடத்துக்கு ஏற்ற கேள்வி இது. காலணி வடிவமைப்பில் நுழைந்திருக்கும் செயற்கை நுண்ணறிவை மாணவர்களுக்குப் புரியவைக்கவும் இதிலிருந்தே தொடங்கலாம்.

நம் கடைகளில் பெரும்பாலும் வழங்குவது இங்கிலாந்து முறை. அதன் அலகு பார்லி மணி! மூன்று பார்லி மணி ஓர் அங்குலம். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வேறுபாடு ஒரு பார்லி மணி, அதாவது ஏறத்தாழ 8.5 மி.மீ. குழந்தைகளுக்கான எண் 4 அங்குலத்தில் பூஜ்ஜியமாகத் தொடங்கி 13 வரை சென்று, பிறகு மீண்டும் 1 என ஆரம்பிக்கும். ஐரோப்பியக் காலணிகளில் காணும் 38, 39 போன்ற எண்களுக்கு இடையே 2/3 செ.மீ. வேறுபாடு. பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மி.மீட்டரிலேயே குறிக்கும் மோண்டோபாயின்ட் என்ற பன்னாட்டு முறையும் உண்டு. ஆனால் கடையில் நாம் சொல்லும் ஒற்றை எண்ணில் அகலத்துக்கு இடமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

காலணித் தொழிலில் அளவின் இருப்பிடம் லாஸ்ட். பாத வடிவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கட்டை அது. அதன்மேல் தோலை இழுத்துப் பொருத்தி, அடிப்பாகத்தை ஒட்டுகிறார்கள். கட்டை எப்படியோ, காலணியும் அப்படியே. நிறமும் தையலும் அதற்குப் பிறகுதான். வடிவமைப்பாளர் அந்தக் கட்டைமேல் காகித நாடாவை இடைவெளியின்றி ஒட்டுவார். அதில் கோடுகளை வரைவார். பிறகு நாடாவை உரித்துத் தட்டையாக விரிப்பார். தோலை வெட்டுவதற்கான பேட்டர்ன் இப்படித்தான் கிடைக்கும். கனசதுரத்தைப் பிரித்தால் அதன் வலையமைப்பு சுருக்கமின்றித் தரையில் படியும். பாத வடிவம் அப்படிப் படியாது. எங்காவது கீறிவிட வேண்டும். எங்கே கீறுவது என்பதில்தான் கைத்தேர்ச்சி. ஒரு மாம்பழத்தின் மேல் நாடா ஒட்டி உரிக்கச் சொன்னால் எட்டாம் வகுப்பு மாணவர் ஐந்தே நிமிடத்தில் இதைக் கண்டுகொள்வார். வளைபரப்பை விளக்க இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரிந்து இல்லை.

கணினி எதைச் செய்கிறது?

இன்று லாஸ்டை முப்பரிமாண ஸ்கேனரில் காட்டினால் அதன் உருவம் திரைக்கு வந்துவிடுகிறது. திரையிலேயே கோடு வரைந்து, தட்டையாக விரித்து, ஓர் அளவுக்கு வரைந்ததை மற்ற அளவுகளுக்கும் பெருக்கிக்கொள்ளலாம். நாள்கணக்கில் நடந்த வேலை மிகவும் சுருங்கிவிட்டது. ஆனால் இதுவரை சொன்னது செயற்கை நுண்ணறிவு அல்ல. மனிதர் எழுதிக் கொடுத்த விதிகளைக் கணினி விரைவாகச் செய்கிறது, அவ்வளவே. திரையில் எது நடந்தாலும் ஏ.ஐ. என்று சொல்லும் வழக்கம் பரவிவிட்டதால் மாணவருக்கு இந்த வேறுபாட்டை முதலில் சொல்லியாக வேண்டும். விதியைக் கொடுக்காமல் ஏராளமான எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து ஒழுங்கைக் கணினியே கண்டறியும்படி செய்வதுதான் இப்போது பேசப்படும் செயற்கை நுண்ணறிவு.

தோல் வெட்டும் இடத்தைப் பாருங்கள். தோல், துணியைப் போலச் சீரானதல்ல. முதுகுப் பகுதி உறுதியாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருக்கும்; முள் கீறியதும் சூடு போட்டதும் தழும்பாக நிற்கும். அந்த இடங்களைத் தவிர்த்து, வீணாகாமல் துண்டுகளை அடுக்குவது பழகிய கண்ணின் வேலை. குறைகளின் படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்த கேமரா அமைப்புகள் இப்போது தழும்புகளைக் கண்டுபிடிக்கின்றன. துண்டுகளை எப்படி அடுக்கலாம் என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது.

படம் உருவாக்கும் செயலிகளிடம் "மழைக்காலத்துக்கு ஒரு பள்ளி ஷூ" என்று எழுதினால் நிமிடத்தில் பல படங்கள் வருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒரு தையல் எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நிற்கும். லேஸ் துளையில்லாமல் நுழைந்திருக்கும். படம் காலணி ஆகாது. 2024ஆம் ஆண்டு பாரிஸில் நைக்கி நிறுவனம் 13 விளையாட்டு வீரர்களுக்கான மாதிரிக் காலணிகளைக் காட்சிக்கு வைத்தது. வீரர்கள் சொன்னதை வைத்துச் செயற்கை நுண்ணறிவு படங்களைத் தந்தது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துச் செப்பமிட்டு முப்பரிமாண அச்சில் வடித்தவர்கள் மனித வடிவமைப்பாளர்கள்தான்.

அடிப்பாகத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. அடிடாஸ் நிறுவனம் கார்பன் என்னும் நிறுவனத்துடன் சேர்ந்து 2017இல் அறிமுகப்படுத்திய ஷூவின் நடு அடிப்பாகம், திரவப் பிசினை ஒளியால் இறுகச் செய்து அச்சிட்ட வலைப்பின்னல். குதிகால் தாங்கும் அழுத்தம் வேறு, முன்பாதம் தாங்கும் அழுத்தம் வேறு. அதற்கேற்ப வலையின் கம்பிகளை ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் கணினி அமைக்கிறது. அழுத்தம் = விசை / பரப்பு என்ற சூத்திரத்துக்கு இது கண்முன் நிற்கும் சான்று.

எந்தப் பாதத்திலிருந்து கற்றது?

2019இல் நைக்கி ஒரு வசதியைக் கொண்டுவந்தது. கைப்பேசிக் கேமராவைப் பாதத்துக்கு நேரே பிடித்தால் 13 புள்ளிகளில் அளந்து பொருத்தமான அளவைப் பரிந்துரைக்கும். இத்தகைய செயலிகளுக்கு எது குதிகால், எது விரல்நுனி என்று தெரிவது, முன்பு காட்டிய பாதப் படங்களிலிருந்துதான். அந்தப் படங்களில் நம் ஊர்ப் பாதங்கள் இல்லாவிட்டால்? வெறுங்காலுடன் நடந்து வளர்ந்து, விரல்கள் விரிந்த பாதங்கள் இல்லாவிட்டால்? செயலி அளவு சொல்லாமல் இருக்காது. உறுதியான குரலில் தவறான அளவைச் சொல்லும்.

இந்தியாவுக்கென்று காலணி அளவு முறை இல்லாத குறை நெடுங்காலமாக உண்டு. இங்கிலாந்து எண்ணே இங்கும் பழகிவிட்டது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்காக ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தியது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் பதிவு செய்தார்கள். இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது முதன்மையான முடிவு. அகலமே இல்லாத எண்ணை வைத்து வாங்கியதால்தான் பலர் ஓர் அளவு பெரிதாக வாங்கி, லேஸை இறுக்கிக் கட்டிச் சமாளித்து வந்திருக்கிறார்கள். பெண்களின் பாத வளர்ச்சி சராசரியாக 11 வயதிலும் ஆண்களுடையது 15, 16 வயதிலும் உச்சத்தை எட்டுகிறது என்பதும் தெரிந்தது. அதாவது நம் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிக் காலத்தில்!

நாட்டின் வெவ்வேறு பகுதிகளுக்கு ஐந்து அளவு முறைகள் தேவைப்படலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். தரவைப் பார்த்தபின் ஒன்றே போதும் என்று தெரிந்தது. 'பா' என்று பெயரிட்ட அந்த முறை, கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகளைக் கொண்டது. ஊகத்தைத் தரவு மாற்றிய இந்தக் கதையைப் புள்ளியியல் பாடத்தின் முதல் வகுப்பில் சொல்லலாம்.

நம் பிள்ளைகளின் வீடுகளில்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதி ஆசிரியர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. வகுப்பில் பலருடைய அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார், அல்லது வீட்டிலேயே அப்பர் தைக்கிறார். இயந்திரம் வந்தால் அம்மாவுக்கு வேலை இருக்குமா என்று ஒரு மாணவி கேட்டால் நேர்மையான பதில் தேவை. அடிடாஸ் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ரோபோக்கள் நிறைந்த இரு ஆலைகளைத் தொடங்கி, அவற்றை மூடுவதாக 2019இலேயே அறிவித்தது. அங்கு பழகிய நுட்பங்கள் ஆசியாவில் உள்ள உற்பத்தியாளர்களிடம் வந்தன. வளைந்து நெளியும் பொருளைப் பிடித்துத் தைப்பது ரோபோவுக்கு இன்னும் கடினம். ஆனால் வெட்டுவது, வரைவது, தரம் பார்ப்பது ஆகியவற்றில் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. செய்யாற்றிலும் பெரம்பலூரிலும் உலகப் பெயர்பெற்ற காலணிகள் தயாராகின்றன; வடிவமைப்பு வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்த வடிவமைப்பு மேசைக்கு நம் பிள்ளைகள் போக வழி இருக்கிறது. மேல்நிலைக்குப் பிறகு படிக்க, இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகம் உள்ளது. உயர்கல்வி வழிகாட்டலில் பொறியியல், மருத்துவத்தோடு இதையும் சொல்லலாம்.

வகுப்பறையில்

கணினி இல்லாமலே இதைச் செய்யலாம். தேவை கட்டத்தாள், பென்சில், அளவுகோல். மாணவர் இரு கால்களிலும் எடை சமமாக விழும்படி நிற்க வேண்டும். குதிகால் சுவரைத் தொட வேண்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். நீளம் என்பது மிக நீண்ட விரல் வரை. எல்லோருக்கும் அது பெருவிரலாக இருக்காது. அகலம், பாதம் மிக விரிந்த இடத்தில். இரு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சமமில்லை என்று கண்டதும் வகுப்பே கலகலக்கும். தொடக்க வகுப்புகளில் ஈரக்கால் தடமும் கட்டங்களை எண்ணிப் பரப்பு காண்பதும் போதும். 'அடி' என்ற அலகுக்கு ஏன் அந்தப் பெயர் என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

ஆறு முதல் ஒன்பது வரை இதை நீட்டிக்கலாம். நீளங்களுக்குச் சராசரி, இடைநிலை, முகடு கண்டபின், நீளத்தை ஓர் அச்சிலும் அகலத்தை மற்றோர் அச்சிலும் குறித்துப் புள்ளிகளைப் பாருங்கள். ஒரே 220 மி.மீ. நீளத்தில் ஒருவருக்கு அகலம் 82, இன்னொருவருக்கு 92 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் தருவார். யாருக்குக் கடிக்கும்? அடுத்து, "ஐந்தே அளவுகளில் ஷூ செய்யலாம், எந்த ஐந்து?" என்று குழுக்களுக்குக் கேள்வி கொடுங்கள். பிறகு ஆறாம் வகுப்புத் தரவை மட்டும் வைத்து அவர்கள் தேர்ந்த ஐந்து அளவுகளை ஒன்பதாம் வகுப்புப் பாதங்களுக்குப் பொருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்குப் பொருந்தாது. குறைந்த தரவில் பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு ஏன் பிழை செய்கிறது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பாதத்தை அளக்கும்போது ஒருவர் காலை மற்றவர் தொட நேரும். காலணியையும் தோலையும் ஒட்டி நம் சமூகத்தில் சாதியின் நிழல் இருப்பது ஆசிரியர் அறிந்ததே. எனவே இணைகளைக் குலுக்கல் முறையில் அமையுங்கள். அளந்தவர் அளக்கப்பட வேண்டும், விதிவிலக்கு கிடையாது. அடுத்தது, பதிவேட்டில் பெயர் எழுதாமல் வரிசை எண் மட்டும் இடுங்கள். மாணவர் பாதங்களின் ஒளிப்படத்தை ஆர்வத்தில் எந்தச் செயலியிலும் ஏற்ற வேண்டாம். கட்டத்தாளை அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், அடுத்த முறை செருப்பு வாங்கக் கடைக்கு எடுத்துப் போவார்கள்.