எந்த அரபு, எத்தனை மணிக்கு?

அரபு கற்க விரும்பி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த ஆப் நல்லது?" என்றுதான். "யாரோடு பேசப் போகிறீர்கள், எதைப் படிக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இதற்கு விடை தெரியாமல் போடுகிற அட்டவணை ஒரு மாதம்கூடத் தாங்காது. குர்ஆனும் செய்தித்தாளும் தொலைக்காட்சிச் செய்தியும் ஃபுஸ்ஹா என்கிற எழுத்து வழக்கில் இருக்கின்றன. வீட்டிலும் கடைத்தெருவிலும் அதை யாரும் பேசுவதில்லை. நலமா என்று விசாரிக்க நூலில் 'கைஃப ஹாலுக்' என்று இருக்கும். கெய்ரோவில் 'இஸ்ஸய்யக்' என்பார்கள், குவைத்தில் 'ஷ்லோனக்' என்பார்கள். மூன்றையும் ஒரே சமயத்தில் பிடிக்கப் போனால் ஒன்றும் நாவில் நிற்காது.

ரியாதுக்கு வேலைக்குப் போகிற செவிலியர் என்றால் வளைகுடா பேச்சு வழக்கிலிருந்தே தொடங்கலாம். நோயாளியிடம் அவர் கேட்க வேண்டியது, "வேன் யஅவ்ரக்?" (எங்கே வலிக்கிறது?) என்பதுதான். நூலில் வருகிற "அய்ன தஷ்உரு பில்அலம்?" என்ற வாக்கியத்தைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் நோயாளி பதில் சொல்லப்போவது பேச்சு வழக்கில். அதைப் பிடிக்கக் காது பழகியிருக்க வேண்டும். உடல் உறுப்புகள், எண்கள், நேரம், மருந்து உண்ணும் வேளை ஆகியவற்றைக் கேள்வியும் பதிலுமாகத் தினம் பேசிப் பழகினால் போதும். இலக்கணம் பிறகு வரட்டும். இவர்கள் அட்டவணையைக் கடிகாரத்தை வைத்துப் போடக் கூடாது, ஷிஃப்டை வைத்துப் போட வேண்டும். இரவுப் பணி வாரத்தில் கேட்பது மட்டும், பகல் பணி வாரத்தில் ஆசிரியரோடு பேசுவது என்று பிரித்துக்கொண்டால் படிப்பு விட்டுப்போகாது.

என்னிடம் அதிகம் வருவது வேறொரு கூட்டம். சிறு வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதியவர்கள், எழுத்துகளைத் தடையில்லாமல் வாசிப்பவர்கள், ஆனால் பொருள் தெரியாதவர்கள். முப்பது நாற்பது வயதில் பொருளை அறிய வேண்டும் என்ற ஏக்கம் வருகிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுக்காகத்தான். எழுத்தே தெரியாதவர்கள் பாடத்தைத் தொடங்கும் முன் எழுத்துக்கென்று இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். மொத்தம் 28 எழுத்துகள். அவற்றில் அலிஃப், தால், ஃதால், ரா, ஸா, வாவ் ஆகிய ஆறும் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேராது, மற்றவை சேரும். இது கையால் எழுதி எழுதித்தான் பழகும். திரையைத் தொட்டுப் பழகினால் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது.

பாடநூல் ஒன்றே ஒன்று போதும். நான் சொல்வது மதீனா புத்தகம் என்று எல்லோரும் அழைக்கிற மூன்று பாக நூல். எழுதியவர் வாணியம்பாடியில் பிறந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்குப் பல நாடுகளிலிருந்து அரபு தெரியாமல் வந்து சேர்ந்த மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். ஒரு சின்ன வாக்கிய அமைப்பு, அதைப் பல சொற்களை வைத்துத் திருப்பித் திருப்பிச் சொல்லும் பயிற்சி, பிறகு அடுத்தது என்று நூல் நகரும். முழுக்க அரபியிலேயே இருக்கும். மிரள வேண்டாம், இதை விளக்கும் காணொளி வகுப்புகள் இணையத்தில் இலவசமாகவே நிறைய இருக்கின்றன. முதல் பாகத்தில் 23 பாடங்கள். பாடத்துக்குப் பத்து நாள் வைத்தால் ஏழரை மாதத்தில் முடியும். ஆறு ஆப், நான்கு யூடியூப் சேனல் என்று அலைகிறவர்கள் எல்லாவற்றிலும் முதல் மூன்று பாடங்களை மட்டுமே படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இனி நேரத்துக்கு வருவோம். வேலைக்குப் போகிறவரால் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் முடியும் என்று வைத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஐந்து மணி, ஆண்டுக்கு ஏறத்தாழ 260 மணி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி, ஆங்கிலம் பேசுகிறவர் அரபியில் அலுவல் நடத்தும் அளவுக்குத் தேற 88 வாரம், 2,200 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் வேகத்தில் அது எட்டு ஆண்டுக்கு மேல். ஆனால் ஓதுகிற சூராவின் பொருளை மூலத்திலேயே பிடிப்பது அவ்வளவு பெரிய இலக்கு இல்லை. "ஓர் ஆண்டில் சரளமாகப் பேசுவேன்" என்று எழுதி வைக்காதீர்கள். "ஓர் ஆண்டில் முதல் பாகத்தை முடித்து, கடைசிப் பத்து சூராக்களைச் சொல் சொல்லாகப் புரிந்துகொள்வேன்" என்று எழுதுங்கள். அது நடக்கும்.

முக்கால் மணியைப் பாதியாகப் பிரியுங்கள். முதல் பாதி பழைய பாடத்துக்கு, மறு பாதிதான் புதியதற்கு. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களே அதிகம். சுப்ஹு தொழுகைக்குப் பிறகு கிடைக்கிற அமைதியான அரை மணியில் நேற்றைய பாடத்தை வாய்விட்டு வாசித்துவிட்டு, இன்றைய காணொளியைப் பாருங்கள். மீதிக் கால் மணியை பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ அன்கி என்கிற ஆப்பின் நினைவு அட்டைகளுக்குக் கொடுங்கள். எந்த அட்டையை எந்த நாளில் மீண்டும் காட்ட வேண்டும் என்பதை அன்கி தானே பார்த்துக்கொள்ளும். அட்டைகளை மட்டும் நீங்களே தயாரியுங்கள். ஒரு நாளைக்குப் புதிதாக ஏழெட்டுக்கு மேல் வேண்டாம்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். பன்மைக்கு நம் 'கள்' போல ஒரே விகுதியை நம்ப முடியாது. கிதாப் குதுப் ஆகும், கலம் அக்லாம் ஆகும். அதனால் பெயர்ச்சொல்லைப் பன்மையோடு சேர்த்தே எழுதுங்கள். வினைச்சொல்லை இறந்தகாலமும் நிகழ்காலமும் சேர்த்து எழுதுங்கள். 'கதப' என்பது 'யக்துபு' ஆகிறது, 'ஜலஸ' என்பது 'யஜ்லிஸு' ஆகிறது, 'ஃபதஹ' என்பது 'யஃப்தஹு' ஆகிறது. நடு உயிர் ஒவ்வொன்றிலும் மாறுவதைப் பாருங்கள். பிறகு தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

இங்கே விளக்கத்துக்காகத் தமிழில் எழுதியதுபோல உங்கள் அட்டையில் எழுதாதீர்கள், அரபு எழுத்திலேயே இருக்கட்டும். இதயம், நாய் இரண்டுக்குமான அரபுச் சொற்கள் தமிழ் எழுத்தில் 'கல்ப்' என்றுதான் வரும். நாயில் இருப்பது சாதாரணக் காஃப், இதயத்தில் இருப்பது அடிநாக்கிலிருந்து வருகிற காஃப். சீனும் ஸாதும், தாவும் அழுத்தமான தாவும், இரண்டு ஹாக்களும், அலிஃபும் ஐனும் இப்படியே நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். ஓதிப் பழகியவர்களிலும் பலருக்கு நாக்கு சரியாக இருக்கும், காது பிரித்துக் கேட்காது. மறுபுறம், குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. 'தரஸ' என்றால் படித்தான், 'தர்ரஸ' என்றால் கற்பித்தான். அந்த வேறுபாட்டுக்கு நாம் மெனக்கெட வேண்டியதில்லை.

காதைத் தீட்ட, கேட்டு எழுதும் இம்லாவைப் போல வேறு பயிற்சி இல்லை. சனிக்கிழமை அரை மணி இதற்கு வையுங்கள். அந்த வாரப் பாடத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, ஜபர் ஜேர் பேஷ் என்கிற உயிர்க்குறிகளைப் போடாமல் நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தவறிய எழுத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். நான்கு வாரத்தில் நோட்டைப் புரட்டினால் சிவப்பு வட்டம் இரண்டு மூன்று எழுத்துகளைச் சுற்றியே இருப்பது தெரியும். அடுத்த மாதப் பயிற்சி அந்த எழுத்துகளுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை புதிய பாடம் வேண்டாம். குர்ஆனின் முப்பதாவது ஜுஸ்உவில் மனப்பாடமாகத் தெரிந்த சிறிய சூரா ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு சொல்லின் வேரும் இலக்கணமும் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆன் கார்பஸ் தளத்தில் சொல்வாரியாகக் கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்த சொற்களை முதலில் கோடிட்டுவிட்டு, பிறகு தளத்தைத் திறங்கள். வாராவாரம் கோடுகள் கூடும்.

காய்ச்சல், கல்யாணம், அலுவலகத்தில் ஆண்டு முடிவு என்று நாள்கள் தவறத்தான் செய்யும். தவறிய பாடங்களை ஒரே நாளில் ஈடுகட்ட முயலாதீர்கள். அன்கியில் புதிய அட்டைகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, குவிந்து கிடக்கும் பழைய அட்டைகள் தீரும்வரை அவற்றை மட்டும் பாருங்கள். ரமளானில் ஓதல் கூடும், உறக்கம் குறையும். அந்த மாதம் பத்து நிமிட மறுபார்வையே முழுப் படிப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

நான்காவது ஐந்தாவது பாடம் வந்ததும் வாரத்துக்கு ஒருமுறை அரை மணிக்கு ஆசிரியர் வேண்டும். பாடம் நடத்தச் சொல்லாதீர்கள், பாடம் காணொளியில் இருக்கிறது. படித்த பாடத்தில் கேள்வி கேட்டு உங்களைப் பேசவைக்கச் சொல்லுங்கள். சோதனை வகுப்பில் அவர் இருபது நிமிடம் பேசி நீங்கள் ஐந்து நிமிடம் பேசினால் வேறொருவரைப் பாருங்கள். ஃபுஸ்ஹாவா, பேச்சு வழக்கா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இணையத்தில் எகிப்திய ஆசிரியர்கள் நிறையக் கிடைக்கிறார்கள். குளிர்காலத்தில் கெய்ரோ நமக்கு மூன்றரை மணி பின்தங்கியிருக்கும். 2023 முதல் அங்கே மீண்டும் கோடை நேரம் வந்திருப்பதால், ஏப்ரல் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதிவரை இடைவெளி இரண்டரை மணிதான். அங்கே மாலை ஐந்தரைக்கு வைத்த வகுப்பு நமக்குக் குளிர்காலத்தில் இரவு ஒன்பது, கோடையில் இரவு எட்டு. அந்த இரண்டு மாதக் கடைசியிலும் வகுப்பு நேரத்தை ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.