கல்லின் அடியில் ஓர் எண்

கனடாவின் வடகோடியில் வாழும் இனுவிட் மக்கள் செதுக்கிய பழைய கற்சிற்பம் ஒன்று கைக்குக் கிடைத்தால், பழகிய சேகரிப்பாளர் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்புகிறார். அடிப்பகுதியில் ஆங்கில எழுத்து ஒன்றும் அதனையடுத்துச் சில எண்களும் கீறப்பட்டுள்ளனவா என்று தேடுகிறார். வெண்கரடியின் கம்பீரமும் சீல் வேட்டைக்காரனின் கூர்ந்த நோக்கும் அதன் பிறகுதான் அவர் கண்ணில் படுகின்றன.

இச்சிற்பங்கள் பலவற்றுக்கும் மூலப்பொருளான மாக்கல் தமிழருக்குப் புதியதன்று. சேலம் வட்டாரத்துக் கல்சட்டி இக்கல்லைக் குடைந்து செய்யப்படுவதே. கத்திக்கும் அரத்துக்கும் எளிதில் இணங்கும் மென்மையும், சூட்டை நெடுநேரம் காத்துவைக்கும் இயல்பும் இதற்கு உண்டு. மரம் வளராத பனிவெளியில் வாழ்ந்த இனுவிட் மக்களும் மாக்கல்லில் சமையற்கலம் செய்தனர். சீலின் கொழுப்பில் எரியும் ‘குல்லிக்’ என்னும் விளக்கையும் செய்தனர். வால்ரசின் தந்தத்தில் உள்ளங்கையில் அடங்கும் சிற்றுருவங்களைச் செதுக்கினர்.

1948இல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்னும் இளம் ஓவியர் ஹட்சன் விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊருக்குச் சென்றார். அங்குப் பெற்ற சிறு சிற்பங்களை மான்ட்ரியல் நகரக் கைவினைச் சங்கத்தாரிடம் காட்டினார். மறு ஆண்டு அச்சங்கம் நடத்திய விற்பனையில் சிற்பங்கள் அனைத்தும் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. நரித்தோலின் விலை வீழ்ந்து வருவாய் இழந்து நின்ற வேட்டைக் குடும்பங்களுக்கு உளியும் அரமும் புதிய பிழைப்பாயின. தென்னகரத்து வாங்குவோருக்கு அது கலை. செதுக்கியவருக்கோ அது மாவும் தேயிலையும் துப்பாக்கி ரவையும்.

சிற்பம் எந்த ஊரது என்பதைக் கல்லே ஓரளவு சொல்லிவிடும். தம் ஊரின் அருகே கிடைத்த கல்லையே சிற்பிகள் பெரும்பாலும் பயன்படுத்தினர். இன்று கின்கைத் எனப்படும் கேப் டோர்செட்டின் பசுமை படர்ந்த கல் உண்மையில் மாக்கல் அன்று. அது செர்பென்டைன் என்னும் சற்றுக் கடினமான கல். பேக்கர் லேக் சிற்பங்களோ கருமையும் கனமும் கொண்டவை. விற்பவர்கள் எல்லாவற்றையும் ‘மாக்கல்’ என்றே அழைத்ததால் அப்பெயர் நிலைத்துவிட்டது.

ஊரைக் கல் சொல்லும். ஆளைச் சொல்வது அடியிலுள்ள எண். இனுவிட் மக்களிடம் குடும்பப்பெயர் வழங்கும் மரபு இருக்கவில்லை. மறைந்த முதியவரின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டுவர். அப்பெயரோடு அவருடைய உறவுமுறையும் குழந்தைக்கு வந்துசேரும். பாட்டியின் பெயரைத் தாங்கிய பேரனை அவன் தாயே ‘அம்மா’ என்று விளிப்பதும் உண்டு. பதிவேடு எழுதிய அலுவலர்களுக்கு இது விளங்கவில்லை. ஒரே பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினர். ஆகவே 1940களில் அரசு ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சிறு வட்டு ஒன்றை வழங்கியது. கிழக்கில் வாழ்ந்தோரின் எண்ணுக்கு முன் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும், மேற்கில் வாழ்ந்தோரின் எண்ணுக்கு முன் ‘டபிள்யூ’வும் இடம்பெற்றன. கழுத்தில் தொங்கிய அந்த எண்ணையே சிற்பிகள் பலர் தம் கையொப்பமாகக் கல்லில் கீறினர். சிலர் அதனருகே இனுவிட் மொழியின் அசையெழுத்துகளில் தம் பெயரையும் எழுதினர்.

இங்கே ஒரு முரண் உண்டு. மனிதரை எண்ணாக்கிய அதே ஏற்பாடுதான் இன்று சிற்பியை அடையாளம் காட்டுகிறது. பெயரின் எழுத்துக்கூட்டல் பட்டியலுக்குப் பட்டியல் மாறும், எண் மாறாது. 1968 முதல் 1971 வரை ஏப் ஒக்பிக் என்னும் இனுவிட் தலைவர் வடமேற்கு ஆட்சிப்பகுதியின் குடியிருப்புகளுக்கெல்லாம் சென்று, மக்கள் தாமே தேர்ந்த குடும்பப்பெயர்களைப் பதிவு செய்தார். 1970களில் எண் வழக்கு மறைந்தது. எனவே எண் மட்டும் கீறப்பட்ட சிற்பம் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது என்று கொள்ளலாம்.

சிற்பங்களுக்கு மதிப்பு ஏறியதும் போலிகளும் வந்தன. பிசினை அச்சில் வார்த்துச் செய்யும் போலி, கையில் எடுத்தால் கல்லின் குளிர்ச்சியைத் தராது. ஓரத்தில் அச்சின் கோடு தெரியும். அதே உருவம் அடுத்த கடையிலும் நிற்கும். இவற்றைத் தடுக்கவே 1958இல் கனடிய அரசு இக்லூ எனப்படும் பனிவீட்டின் படம் பொறித்த முத்திரைச் சீட்டை அறிமுகப்படுத்தியது. 2017இல் அம்முத்திரையின் உரிமை இனுவிட் கலை அறக்கட்டளையிடம் வந்துசேர்ந்தது.

வின்னிபெக் கலைக்கூடத்தில் 2021இல் திறக்கப்பட்ட கௌமாயுக் என்னும் பிரிவு, இனுவிட் கலைக்கென்றே அமைந்தது. அங்கே கண்ணாடிச் சுவருக்குப் பின்னே ஆயிரக்கணக்கான சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் தொடக்கக்காலத்தில் விற்றுப்போன சிற்பங்கள் பலவற்றின் அடியில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. செதுக்கியவர் யாரென்று அன்று எவரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. அத்தகையவற்றைப் பட்டியலிடும்போது, பெயருக்குரிய இடத்தில் ‘சிற்பி அறியப்படவில்லை’ என்றே எழுதவேண்டியிருக்கிறது.