கண்ணில் குறையில்லை

மலாக்கா

அன்புள்ள மாணவிக்கு,

ஜாசின் தோட்டத்தில் விடியற்காலையில் உன் பாட்டி பால்மரம் வெட்டும் படங்கள் வந்து சேர்ந்தன. "வியூஃபைண்டரில் மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது, படத்தில் காதுத் தோடுதான் தெளிவாக விழுந்திருக்கிறது. ஏன் சார்?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ஆனால் யாரோ உன்னைக் கண் மருத்துவரிடம் போகச் சொன்னார்களாமே, அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. உன் வயதுப் பிள்ளையின் கண்ணைக் குறை சொல்வதற்கு முன் கேமராவுக்குள் இருக்கும் ஃபோகசிங் ஸ்கிரீனை, அதாவது வியூஃபைண்டரில் நீ காணும் காட்சி விழும் திரையைப் பற்றி யோசித்திருக்க வேண்டாமா?

உன் கேனான் 5டி மார்க் 2-இல் பழைய நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை அடாப்டர் வைத்து மாட்டியிருக்கிறாய். அப்படி மாட்டினால் லென்ஸின் துளை வளையத்தைத் திருப்பிய கணமே துளை சுருங்கும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி 1.4-இலிருந்து 2.8 வரை மெதுவாகத் திருப்பிப் பார். உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. உன் கண்ணுக்கோ ஏறக்குறைய ஒன்றும் மாறாது. 4-க்குப் போன பிறகுதான் இருளத் தொடங்கும்.

இந்தச் சோதனையைச் செய்யாத யாரும் மேனுவல் ஃபோகஸ் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி. லென்ஸின் ஓரங்களிலிருந்து சாய்வாக வரும் கதிர்களைத் திரை சிதறடித்தால்தான் அவை உன் கண்ணுக்கு வந்து சேரும். இன்றைய திரையின் மேற்பரப்பு மிக நுண்மையானது, சிதறல் குறைவு. நடுப்பகுதிக் கதிர்கள் மட்டுமே கண்ணை எட்டுகின்றன. ஆகவே 1.4 லென்ஸை மாட்டினாலும் நீ பார்ப்பது சுமார் 2.8-க்குரிய காட்சி. ஒன்றரை மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸுக்கு 2.8-இல் ஏறத்தாழ 15 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும், 1.4-இல் ஏழரை செ.மீ. மட்டுமே. திரையில் பாட்டியின் மூக்குத்தியும் தோடும் சேர்ந்தே தெளிந்தன. சென்சாரில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது.

திரையை இப்படி நுண்மையாக்கியது திருட்டு வேலையல்ல. எஃப் 3.5 முதல் 5.6 வரையிலான ஜூம் லென்ஸும் ஆட்டோ ஃபோகஸும் பரவியபோது, வெளிச்சமான காட்சியையே வாங்குபவர்கள் விரும்பினார்கள். பழைய தலைமுறை அப்படியில்லை. 1959-இல் வந்த நிக்கான் எஃப், வேலைக்கு ஏற்பத் திரையை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. இன்னும் பின்னால் போனால், யோஹான் ட்ஸான் என்ற ஜெர்மானியத் துறவி 1685-இல் அச்சிட்ட நூலில், பிம்பத்தைக் கண்ணாடியால் மேலே திருப்பித் திரையில் விழவைக்கும் பெட்டியை வரைந்திருக்கிறார். புகைப்படம் 1839-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தச் சித்திரத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, படத்துக்கு முன்பே திரை பிறந்துவிட்டது என்பதுதான்.

நீ செய்ய வேண்டியது, கதிர்களை அதிகமாகச் சிதறடிக்கும் ஈஜி-எஸ் திரையை வாங்கிப் பொருத்துவது. லென்ஸைக் கழற்றினால் அந்த வாய் வழியாகவே மாற்றலாம். திரையின் நீட்டுமுனையை மட்டும் இடுக்கியால் பிடி. பரப்பில் விரல் படக்கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது. தூசியைக் காற்றுக் குமிழால் ஊது. மெனுவில் திரையின் பெயரை மாற்ற மறந்தால் ஒளி அளவு தவறும், ஏனென்றால் ஒளிமானி அந்தத் திரையைத்தான் படிக்கிறது. 2.8-ஐவிடச் சிறிய துளை லென்ஸில் காட்சி இருளும். அதைப் பொறுத்துக்கொள்.

நடுவில் வட்டம் பிளந்து தெரியும் திரையைத்தான் பலரும் சிபாரிசு செய்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதற்கு ஒரு நேர்கோடு வேண்டும். அதுவும் நடுவில் வேண்டும். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசிமகக் கூட்டத்தில் காவடிக்காரரின் முகம் உனக்காக நடுவில் நிற்குமா? லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்ப்பதும் சாண்டியாகோ கோட்டை வாசலுக்குத்தான் சரி. அது அசையாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உன் பாட்டிதான். தான் சாய் யான் என்பவர் 1896-இல் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாறு நம் மாநிலத்தில்தான் தொடங்கியது. இன்று அந்த ரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. பால்வெட்டும் கையும் முகமும் இனி எத்தனை நாள் கிடைக்கும்? அவற்றை மங்கலாக எடுத்து வைக்காதே.

திரையை மாற்றியதும் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, 1.4-இல் நடுக்கோட்டுக்கு ஃபோகஸ் செய்து எடு. அந்தத் துளையில் 0.04 மி.மீ. பிசகினாலே படம் காட்டிக் கொடுத்துவிடும். நடுக்கோட்டுக்கு முன்னால் உள்ள எண்கள் தெளிந்தால், திரை பிரதிபலிக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். பின்னால் தெளிந்தால் விலகிவிட்டது. மெல்லிய தகடு வைத்து அதைச் சரிசெய்யலாம். நீயாகக் கை வைக்காதே, படத்தை முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்